பக்கத்து மனைப்பிரிவும் தறிக்குழியில் புகும் வெள்ளமும்

மழையைக் கண்டு மகிழ்வது நம் நாட்டு வழக்கம். ஆயினும், கருமேகம் திரண்டதும் தறியை விட்டெழுந்து நூலைப் பரண்மேல் ஏற்றிவைக்கும் நிலை நெசவாளர் தெருக்கள் சிலவற்றில் இன்று ஏற்பட்டிருக்கிறது.

சென்ற ஆண்டுக்கு முந்திய ஐப்பசியில் தணிக்கைக்காக ஒரு நெசவாளர் சங்கத்திற்குச் சென்றிருந்தேன். தெருவின் தாழ்புறத்தில் முன்பு இருந்த நன்செய் நிலம் வீட்டுமனைகளாகப் பிரிக்கப்பட்டு, 3 அடி உயரத்திற்கு மண் நிரப்பப்பட்டிருந்தது. நடுவே ஓடிய வாய்க்கால் மண்ணுக்கடியில் மறைந்துவிட்டது. ஓரிரவு மழையில் 14 குழித்தறிகளில் நீர் நின்றது. பாவு நனைந்து பாழாயிற்று. குழி உலர்ந்து மீண்டும் தறியில் அமர 3 வாரம் சென்றது.

சங்கத்தார் புகார் செய்யாமல் இல்லை. அவர்கள் அனுப்பிய மனுவைப் படித்தேன். மனை விற்றவரின் பேராசையைப் பற்றி 2 பக்கங்கள் இருந்தன. வாய்க்காலின் புல எண் ஓரிடத்திலும் இல்லை. இடத்தைக் குறிப்பிடுமாறு கேட்டு மனு திரும்பி வந்திருந்தது.

வெள்ளம் ஏன் வருகிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும். 1 ஏக்கர் பரப்பில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழும் நீர் ஏறக்குறைய 2 இலட்சம் லிட்டர். 5 ஏக்கர் வயலாயின் 10 இலட்சம் லிட்டர். வரப்புக்குள் தங்கி, மெல்ல வடிந்த அந்நீர், நிலத்தை மேடாக்கியபின் வேறு போக்கிடம் தேடுகிறது. மேலிருந்து வரும் நீருக்கும் வழி அடைபடுகிறது.

மேல்நிலத்தில் பெய்து இயல்பாக ஓடிவரும் மழைநீரைக் கீழ்நிலத்துக்காரர் ஏற்க வேண்டுமென்பது 1882-ஆம் ஆண்டு அனுபோக உரிமைச் சட்டம் ஒப்புக்கொண்ட நெறி. ஆகவே, நாம் கேட்பது சலுகை அன்று. ஆனால், எதை, யாரிடம் கேட்பது என்பதில் தெளிவு வேண்டும்.

முதலாவதாக, கிராம நிர்வாக அலுவலரிடமுள்ள வரைபடத்தையும் ‘அ’ பதிவேட்டையும் பார்த்து, வாய்க்கால் புறம்போக்கா, பட்டா நிலமா என்று அறிக. புறம்போக்காயின், நில அளவை செய்து ஆக்கிரமிப்பை அகற்றுமாறு வட்டாட்சியருக்கு விண்ணப்பிக்கலாம். 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டம் இதற்கு உதவும். பட்டா நிலமாயின், உரிமையியல் நீதிமன்றத்தை நாடவேண்டி வரலாம்.

இரண்டாவதாக, மனைப்பிரிவுக்கு அனுமதியளித்த வரைபடத்தின் நகலை 2005-ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி கேட்டுப் பெறுக. பொதுவாக 30 நாட்களுக்குள் விடை தரவேண்டும். வடிகால் வரைபடத்தில் இருந்து தரையில் இல்லையாயின், அதுவே வலிய சான்று.

மூன்றாவதாக, பொதுமக்கள் பயன்படுத்தும் நீர்வழி அடைக்கப்பட்டிருப்பின், கோட்டாட்சியர் அத்தடையை நீக்க உத்தரவிடலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் 152-ஆம் பிரிவாக உள்ளது.

மனு ஒரு பக்கத்துக்குள் அமைக. புல எண், நீர் நின்ற நாள், சுவரில் ஏறிய உயரம், நின்ற தறிகள், நனைந்த நூலின் எடை, கோரும் பரிகாரம் ஆகியவை போதும். நிழற்படத்தில் தேதி இருக்கட்டும். நூல் இருப்புப் பதிவேட்டில் சேதத்தை அன்றே எழுதுக. நிர்வாகக் குழுத் தீர்மானத்தை இணைத்து, ஒப்புகை பெறாமல் திரும்பாதீர்கள்.

மனை வாங்கியவர்களைப் பகைக்க வேண்டா. அவர்களும் கடன்பட்டு வீடு கட்டும் எளியோரே. வடிகாலற்ற மனையில் நாளை அவர்கள் வீட்டுக்கும் நீர் வரும். அவர்கள் கையொப்பமும் மனுவில் இருந்தால் நன்று.

மேற்கூறிய சங்கத்தார் இம்முறையில் மறு மனு அளித்தனர். அளந்தபோது வாய்க்கால் புறம்போக்கெனத் தெரிந்தது. கோடையில் அது தோண்டப்பட்டது. இழந்த 3 வாரக் கூலி மட்டும் திரும்பவில்லை. ஆதலின், அன்பர்களே, வரைபடத்தைச் சித்திரையிலேயே பார்த்துவைப்பது நலம்; ஐப்பசி வரை காத்திருத்தல் வேண்டா.