அரவணைப்பும் மரபணுவும்

அமீரகத்தில் தனியார் நிறுவனங்களில் பிரசவ விடுப்பு 60 நாட்கள்தான். அதனால் கைக்குழந்தையை ஊரில் பாட்டியிடம் விட்டுவிட்டு வேலைக்குத் திரும்பும் தாய்மார்கள் நம்மிடையே உண்டு. "இது பிள்ளையைப் பாதிக்குமா, டாக்டர்?" என்று பலரும் கேட்கிறார்கள்.

கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் எலிகளை வைத்து நடந்த ஆராய்ச்சி இதற்கு ஓரளவு விடை தருகிறது. பதற்றம் ஏற்பட்டால் உடலில் அதற்கான ஹார்மோன் சுரக்கிறது. நமக்கு அது கார்ட்டிசால். மூளையின் ஹிப்போகேம்பஸ் பகுதியில் உள்ள ஏற்பிகள் அதை உணர்ந்து, போதும் என்று சுரப்பை அடக்குகின்றன. பிறந்த முதல் வாரத்தில் தாய் அதிகம் நக்கி வளர்த்த குட்டிகளுக்கு இந்த ஏற்பிகள் நிறைய இருந்தன என்று மைக்கேல் மீனி, மோஷே ஷிஃப் குழுவினர் 2004-ல் எழுதினர். கவனிப்பு குறைந்த குட்டிகளுக்கோ, ஏற்பியை உருவாக்கும் மரபணுவின்மேல் மீத்தைல் என்ற வேதிப்பொருள் ஒட்டி, அதை மந்தமாக்கியிருந்தது. மரபணு அதேதான், சுவிட்சுதான் வேறு. அவை வளர்ந்தபின் சிறு தொந்தரவுக்கும் அதிகம் பதறின.

ஆனால் அதே குட்டிகளை நன்றாக நக்கும் வேறொரு தாயிடம் விட்டபோது, அவையும் நிதானமாகவே வளர்ந்தன! வளர்த்த கைதான் முக்கியம்.

எலி வேறு, மனிதர் வேறு என்பது உண்மை. 2009-ல் இதே குழு, சிறுவயதில் கொடுமைக்கு ஆளாகிப் பின்னர் தற்கொலை செய்துகொண்டவர்களின் மூளையிலும் இத்தகைய மாற்றத்தைக் கண்டது. அது கடும் கொடுமை. பாட்டி வளர்ப்பை அதோடு சேர்க்க வேண்டாம்.

எனக்குக் கவலை, குழந்தையைத் திரும்ப அழைத்து வரும் நாளைப் பற்றித்தான். பழகிய மடி அன்று திடீரென்று இல்லாமல் போகிறது. விசிட் விசாவில் பாட்டியும் ஒரு மாதமாவது உடன் வரட்டும்.