கைப்பிடி சூடானால் போதுமா?

சூடேறும் கைப்பிடி வைத்த செயின்சா குளிர்கால வேலைக்கு நல்ல கருவி. ஆனால் அது விரலைக் காப்பாற்றும் என்று நம்பி வாங்குபவர்களே அதிகம். அந்த நம்பிக்கையில் பாதிதான் உண்மை. ஃபிளைவீலோடு சேர்ந்த ஒரு சிறு ஜெனரேட்டர், முன்பிடியிலும் பின்பிடியிலும் பதித்திருக்கும் சூடேற்றிக்கு மின்சாரம் தருகிறது. என்ஜின் ஓடும்வரை பிடி வெதுவெதுப்பாக இருக்கும், கை விறைக்காது. கைக்குள் இறங்கும் அதிர்வை இந்த ஏற்பாடு துளியும் குறைப்பதில்லை. விரல் வெளுத்து மரத்துப்போகும் வெள்ளை விரல் நோய்க்குக் காரணம் அதிர்வு. குளிர் அதைக் கிளப்பிவிடுகிறது. கை சூடாக இருப்பதால் இன்னும் ஒரு மணி நேரம் கூடுதலாக அறுப்பவர், அந்த ஒரு மணி நேர அதிர்வையும் சேர்த்தே வாங்கிக்கொள்கிறார்.

அதிர்வைக் குறைத்தால் என்ன ஆகும் என்பதற்குப் பின்லாந்தின் சுவோமுஸ்ஸல்மி வட்டாரமே சான்று. 1972இல் அங்கே காட்டு வேலை செய்தவர்களில் சுமார் 40 சதவீதம் பேருக்கு விரல் வெளுக்கும் நோய் இருந்தது. 1990இல் அது 5 சதவீதமாக இறங்கியது. இடையில் வந்த மாற்றங்களில் முதன்மையானது, பிடிக்கும் என்ஜினுக்கும் நடுவே ரப்பரும் ஸ்பிரிங்கும் வைத்த செயின்சா. இந்தக் கட்டுரை பிரிட்டனைப் பற்றியது. ஸ்காட்லாந்து மலைகளிலும் வட இங்கிலாந்திலும் குளிரில் ஊசியிலை மரம் வெட்டுபவர்களுக்குச் சட்டத்தில் உரிமை நிறையவே இருக்கிறது. அதைக் காகிதத்தில் நிரூபிக்கும் இடத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

முதலில் கருவி. ஸ்டில் நிறுவனத்தின் மாடல் பெயரில் ‘டபிள்யூ’ எழுத்தும், ஹஸ்க்வர்னாவின் பெயரில் ‘ஜி’ எழுத்தும் சூடேறும் கைப்பிடியைக் குறிக்கும். சாதாரண மாடலை வாங்கிவிட்டுப் பிறகு பிடியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்ற எண்ணம் வேண்டாம். ஜெனரேட்டர், வயர், சுவிட்ச் என எல்லாமே மாற வேண்டியிருக்கும். ஈரக் குளிரில் கார்புரேட்டரில் பனி உறைந்து என்ஜின் நின்றுபோகிற இடங்களில், கார்புரேட்டருக்கும் சூடேற்றி உள்ள மாடல் உதவும். சிலிண்டரின் வெப்பக் காற்றைக் கார்புரேட்டர் பக்கம் திருப்பும் குளிர்கால மூடி பல மாடல்களில் உண்டு. வெயில் வந்ததும் அதைத் திரும்ப மாற்ற மறந்தால் என்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகிவிடும்.

இத்தனையும் பார்க்கிறவர்கள் பார்க்காமல் விடுவது கையேட்டின் கடைசிப் பக்கங்களைத்தான். அதிர்வு அளவை அங்கே அச்சிட்டிருக்க வேண்டும் என்பது சட்டம். முன்பிடிக்கு ஓர் எண், பின்பிடிக்கு ஓர் எண் இருக்கும். பெரியதையே கணக்கில் எடுக்க வேண்டும். அந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கி, மறுபடி இரண்டால் பெருக்கினால் ஒரு மணி நேரத்துக்கான புள்ளி வரும். சுகாதார, பாதுகாப்பு நிர்வாகம் பின்பற்றும் கணக்கு இது. நாளொன்றுக்கு 100 புள்ளியைத் தொட்டால் முதலாளி நடவடிக்கை எடுத்தாக வேண்டும். 400 புள்ளியைத் தாண்டவே கூடாது. 3.5 என்று போட்ட செயின்சா மணிக்கு 24.5 புள்ளி தரும். நான்கு மணி நேரம் அறுத்தால் 98. அதுவே 7 என்று போட்டிருந்தால் ஒரே மணி நேரத்தில் 98. எண் இரட்டித்தால் புள்ளி நான்கு மடங்காகும் என்பதை விற்பனையாளர் சொல்ல மாட்டார். கணக்கில் சேர்வது கை பிடியில் இருக்க என்ஜின் ஓடும் நேரம் மட்டுமே; கிளையை இழுத்துப் போடும் நேரம் சேராது. இன்னொன்று: கையேட்டின் எண் புதுக் கருவிக்கானது. சங்கிலி மழுங்கினாலும் அதிர்வு தாங்கும் ரப்பர் கிழிந்தாலும் அது ஏறும். அதிர்வு தடுக்கும் கையுறை என்று விற்பதை நம்பி இந்தக் கணக்கில் எதையும் கழிக்கக் கூடாது. அதிர்வைப் பொறுத்தவரை, கையுறை கையைக் கதகதப்பாக வைக்க மட்டுமே.

வாங்கும் நாளில் கடையிலேயே என்ஜினை ஓடவிட்டு, சூடேற்றி சுவிட்சைப் போட்டு, சில நிமிடம் கழித்துக் கையுறையைக் கழற்றிப் பிடிகளைத் தொட்டுப் பார்க்க வேண்டும். பின்பிடி சூடாகி முன்பிடி சில்லென்று இருந்தால் வயரிலோ சூடேற்றியிலோ கோளாறு. இலையுதிர் காலத்தில் வாங்கி, ஜனவரியில்தான் முதல்முறை சுவிட்சைப் போடுகிறவர்கள் நிறைய. 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, பழுதான பொருளைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணமும் கேட்க 30 நாள்தான் அவகாசம். அதன் பிறகு முதலில் பழுது நீக்கவோ மாற்றித் தரவோதான் கேட்க முடியும். ஆறு மாதத்துக்குள் தெரியவரும் கோளாறு வாங்கும்போதே இருந்ததாகக் கருதப்படும். இல்லை என்று நிரூபிப்பது கடைக்காரர் பாடு. தொழில் பெயரில் பில் போட்டு வாங்கினால் இந்தச் சட்டமே பொருந்தாது. வரிக்காக அப்படிப் பில் போடுகிறவர் அன்றைக்கே கடையில் சோதித்துவிட வேண்டும்.

அடுத்தது முதலாளியின் கடமை. 2005ஆம் ஆண்டின் பணியிட அதிர்வுக் கட்டுப்பாட்டு விதிகள், அதிர்வை மதிப்பிடவும் குறைக்கவும், 100 புள்ளியைத் தாண்டி வேலை செய்பவர்களுக்கு உடல்நலக் கண்காணிப்பு நடத்தவும் சொல்கின்றன. அது ஒரு கேள்வித்தாளில் தொடங்கி, ஆண்டுதோறும் தொடர்ந்து, தேவைப்பட்டால் தொழில்சார் மருத்துவர் வரை போகும். அந்தக் கேள்வித்தாளில் ‘விரல் மரத்துப்போகிறதா’ என்ற இடத்தில் ‘இல்லை’ என்று போடும் பழக்கம்தான் மிகப் பெரிய கேடு. வேலை போய்விடும் என்ற பயம் புரிகிறது. ஆனால் பின்னாளில் வழக்கு என்று வந்தால், எதிர்த்தரப்பு முதலில் நீட்டுவது கையெழுத்துப் போட்ட அந்தத் தாளைத்தான். மருத்துவர் நோயை எழுத்தில் உறுதிசெய்தால், அதை அரசுக்குத் தெரிவிப்பது முதலாளியின் சட்டக் கடமை. வேலையை விட்டு விலகுகிறவர் தம் கண்காணிப்புப் பதிவுகளின் நகலை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி பொதுவாக ஒரு மாதத்துக்குள் கட்டணமின்றித் தர வேண்டும்.

விரல் வெளுக்கத் தொடங்கியவர் கேட்க வேண்டியது தொழில்சார் இயலாமை உதவித்தொகை. அரசின் தொழில்நோய்ப் பட்டியலில் இந்த நோயின் எண் ஏ11. கையில் பிடிக்கும் செயின்சாவால் மரம் அறுப்பது தகுதியான வேலைகளில் ஒன்றாகவே அங்கே எழுதப்பட்டிருக்கிறது. விண்ணப்பப் படிவம் பிஐ100பிடி. இதைக் கவனிப்பது வேலை, ஓய்வூதியத் துறையின் பார்ன்ஸ்லி மையம். குறைந்தது 14 சதவீத இயலாமை என்று மதிப்பிடப்பட வேண்டும். விண்ணப்பித்த நாளுக்கு முந்தைய மூன்று மாதத்துக்குமேல் பணம் கிடைக்காது. தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதமும் இழப்புதான்.

விதியில் ஒரு முள் இருக்கிறது. வெளுப்பு குளிரால் வருவதாக இருக்க வேண்டும், ஆனால் ஆண்டு முழுவதும் வர வேண்டும். குளிர்காலத்தில் மட்டும் வருகிறது என்று வாய்தவறிச் சொன்னவரின் விண்ணப்பம் அங்கேயே விழும். ஒரு கையில் குறைந்தது மூன்று விரல்கள், நுனிக்கணுவைத் தாண்டி நடுக்கணுவரை வெளுத்திருக்க வேண்டும். வெளுத்த தோலுக்கும் நல்ல தோலுக்கும் இடையே கோடு கிழித்தாற்போல எல்லை தெரிய வேண்டும். பரிசோதனை அறையின் கதகதப்பில் இது எதுவும் தெரியாது. ஆகவே வெளுக்கும்போதெல்லாம் கைபேசியில் படம் எடுக்க வேண்டும்: முகமும் கையும் ஒரே படத்தில், தேதியோடு. ஜூலை மாதத்துக் காலைக் குளிரில் எடுத்த படம் ஜனவரிப் படத்தைவிட மதிப்புள்ளது. வெளுப்பு இல்லாமல், விரல் நுனியில் தொடர்ந்த மரமரப்போடு தொடுவுணர்வும் நுணுக்க வேலைத் திறனும் தெளிவாகக் குறைந்திருந்தாலும் தகுதி உண்டு. மறுப்புக் கடிதம் வந்தால், அதன் தேதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கேட்க வேண்டும். அதுவும் மறுக்கப்பட்டால் இன்னொரு மாதத்துக்குள் தீர்ப்பாயம். கடிதத்தை உறை பிரிக்காமல் வைத்திருந்து உரிமையை இழந்தவர்களுக்குக் குறைவில்லை.

சுயதொழில் செய்தவருக்கு அந்தக் காலத்துக்கு இந்த உதவித்தொகை கிடையாது. மரம் வெட்டுபவர்களில் ஒப்பந்த முறையில் சுயதொழிலராக வேலை செய்பவர்கள் ஏராளம். கையெழுத்துப் போடும் முன், தாம் பணியாளரா சுயதொழிலரா என்று தாளில் பார்த்துக்கொள்வது அவசியம்.

உதவித்தொகை வேறு, முதலாளி மீதான இழப்பீட்டு வழக்கு வேறு. ஒன்றைப் பெற்றதால் மற்றது தடைபடாது. நோய் வேலையால் வந்தது என்று தெரிந்த நாளிலிருந்து வழக்குத் தொடுக்கப் பொதுவாக மூன்று ஆண்டு. ஓய்வு பெற்ற பிறகு பார்க்கலாம் என்று இருந்தால் கெடு தாண்டிவிடும். நிறுவனமே மூடிவிட்டது என்று கைவிடவும் வேண்டாம். நிறுவனங்கள் முதலாளி பொறுப்புக் காப்பீடு எடுப்பது கட்டாயம் என்பதால், பழைய காப்பீட்டு நிறுவனத்தின் மீது கோரலாம். அதைத் தேடித் தருவது முதலாளி பொறுப்புக் காப்பீட்டுத் தேடல் அலுவலகம். நிறுவனத்தின் சரியான பெயரும் வேலை செய்த ஆண்டுகளும் கையில் வேண்டும். பழைய சம்பளச் சீட்டு இல்லாதவர் வரித்துறையிடம் தம் பணி வரலாற்றைக் கேட்டு வாங்கிக் கோரிக்கையோடு இணைக்கலாம்.