கேம்புக்கு போற பிள்ளைக்கு 7 நாளும் கலந்த சாதம் தானா?

ஐயம்பேட்டை:-

காலாண்டு பரீட்சை முடிந்ததும் பிளஸ்-1 மாணவ-மாணவிகள் பலர் பை, போர்வையோடு கேம்புக்கு கிளம்பி விடுவார்கள். நாட்டு நலப்பணி திட்டத்தின் (என்.எஸ்.எஸ்.) சிறப்பு முகாம் 7 நாட்கள் நடக்கும். ஏதாவது ஒரு கிராமத்து பள்ளிக்கூடத்தில் தங்கி, பகல் முழுக்க மரக்கன்று நடுவது, குளத்தங்கரையை சுத்தம் செய்வது என்று வெயிலில் வேலை. காந்தி நூற்றாண்டையொட்டி 1969-ல் தொடங்கிய திட்டம் இது. சாரணர் முகாமும் இதே மாதிரி தான், ராத்தங்கல் உண்டு.

காஞ்சீபுரம்-வாலாஜாபாத் சாலையில் இருக்கும் ஐயம்பேட்டை, முத்தியால்பேட்டை பக்கம் பட்டுத்தறி வீடுகள் அதிகம். புடவை அறுத்து கொடுத்தால் தான் கூலி. அப்பா தறியில், அம்மா நூல் வேலையில் என்று இருக்கிற வீட்டில், பிள்ளை கிளம்பும்போது கேட்கிற கேள்வி ஒன்று தான். "அங்க சாப்பாடு எப்படிடா?" "எல்லாம் நல்லா போடுவாங்கம்மா" என்று பதில் வரும். பேச்சு அதோடு முடிந்து விடும். அந்த கேள்வியை இன்னும் கொஞ்சம் நீட்டி கேட்பது நல்லது. ஏன் என்று பார்ப்போம்.

10-ம் வகுப்போடு நிற்கும் முட்டை

பள்ளிக்கூட சாப்பாட்டில் தமிழ்நாட்டுக்கு பெரிய பேர் உண்டு. 1956-ல் காமராஜர் காலத்தில் மதிய உணவு வந்தது. 1982-ல் எம்.ஜி.ஆர். அதை சத்துணவு திட்டமாக விரிவாக்கினார். 2010-ல் இருந்து வாரத்துக்கு 5 முட்டை. 2013-ல் சோதனை முறையில் தொடங்கி, பிறகு மாநிலம் முழுக்க வெஜிடபிள் பிரியாணி, கொண்டைக்கடலை புலாவ், பிசிபேளாபாத், மிளகு முட்டை என்று வகை வகையாக வந்தது. 2022-ல் தொடக்கப்பள்ளி பிள்ளைகளுக்கு காலை உணவும் சேர்ந்தது.

ஆனால் சத்துணவு 10-ம் வகுப்போடு நின்று விடுகிறது. கேம்புக்கு போகிற பிளஸ்-1 பிள்ளைக்கு அந்த முட்டை கிடையாது. வேடிக்கை என்னவென்றால், உடம்புக்கு அதிகமாக தேவைப்படுவதே அந்த வயதில் தான். இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலும், ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-ல் வெளியிட்ட கணக்குப்படி 16 முதல் 18 வயது வரை உள்ள பையனுக்கு ஒரு நாளைக்கு சுமார் 3,320 கலோரி தேவை. பெண் பிள்ளைக்கு 2,500. புரதச்சத்து பையனுக்கு 55 கிராம், பெண்ணுக்கு 46 கிராம்.

100 கிராம் அரிசியில் கிடைப்பது சுமார் 350 கலோரி. வெறும் சாதத்திலேயே அந்த பையனுக்கு வயிறு நிரப்பணும் என்றால் கிட்டத்தட்ட ஒரு கிலோ அரிசி ஆக்கி போடணும். யாரால் சாப்பிட முடியும்?

பேர் தான் மாறுது

கேம்ப் சமையல் எப்படி நடக்கும் என்பது தெரிந்தது தான். ஒரே அடுப்பு, ஒரே அண்டா. காலையில் உப்புமா, மதியம் புளி சாதம், ராத்திரி ரவா கிச்சடி. மறுநாள் பொங்கல், எலுமிச்சை சாதம், தக்காளி சாதம். கேட்டால் "தினமும் வேற வேற தானே போடுறோம்" என்பார்கள். பேர் தான் வேற. உள்ளே இருப்பது அரிசியும் ரவையும் தான். தொட்டுக்க அப்பளம், ஊறுகாய். பருப்பு, பயறு, காய், கீரை எல்லாம் பேருக்கு இருக்கும்.

சமைப்பவர்களை குறை சொல்லி பிரயோஜனம் இல்லை. கொடுக்கிற காசுக்குள் வயிறு நிறைய போடத்தான் பார்ப்பார்கள். அதே காசிலேயே செய்ய முடிகிற விஷயங்களும் இருக்கு.

சாயந்திரம் டீயும் பிஸ்கட்டும் கொடுப்பதற்கு பதில் சுண்டல் போடலாம். 50 பிள்ளைக்கு ஆளுக்கு 30 கிராம் என்றால் ஒன்றரை கிலோ கொண்டைக்கடலையோ, பச்சைப்பயறோ போதும். வேர்க்கடலை அதை விட சுலபம். ராத்திரி ஊற வைக்க மறந்தாலும் வறுத்து கொடுத்து விடலாம். ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் ஒரு முட்டைக்கு சமமான புரதம் இருக்கு. (கடலை ஒத்துக்காத பிள்ளை யாராவது இருக்கா என்று முதல் நாளே கேட்டுக்கணும்.) முட்டை அவித்து கொடுக்க தனி சமையல்காரர் வேண்டாம். சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம்.

கீரை கிராமத்திலேயே கிடைக்கும், முருங்கை மரம் இல்லாத தெருவே இல்லை. சாம்பாரில் இரண்டு கை கீரையை போட்டால் தனி பொரியல் கூட தேவை இல்லை. பெண் பிள்ளைகளுக்கு இது ரொம்ப முக்கியம். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையான பெண்களில் 100-க்கு 53 பேருக்கு ரத்தசோகை இருப்பது தெரிய வந்தது. கீரையோடு எலுமிச்சம்பழம் பிழிந்த சாதமோ, நெல்லிக்காயோ இருந்தால் இரும்புச்சத்து நன்றாக சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் சேராது. டீயை ஒரு மணி நேரம் தள்ளி குடிக்க சொல்லுங்கள்.

காலையில் ஒரு நாளாவது கேழ்வரகு கூழோ, அடையோ போடலாம். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கு. "கூழ் எல்லாம் பிள்ளைங்க குடிக்காது" என்பார்கள். 4 மணி நேரம் மண்வெட்டி பிடித்த பிள்ளை குடிக்கும்.

ராத்திரி சாப்பாடு தான் ஆபத்து

சத்து குறைந்தால் 7 நாளில் பெரிதாக ஒன்றும் ஆகி விடாது. கெட்டுப்போனதை சாப்பிட்டால் ஒரே ராத்திரியில் ஆஸ்பத்திரி தான்.

கேம்பில் அடிக்கடி நடக்கிற தப்பு, மதியம் ஆக்கிய சாதத்தை ராத்திரிக்கு தாளித்து போடுவது. அரிசியில் இருக்கிற ஒரு வகை கிருமியின் விதை, கொதித்தாலும் சாகாது. சாதம் வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் இருந்தால் அது முளைத்து பெருகி விஷத்தை உண்டாக்கும். அந்த விஷம் திரும்ப சூடு பண்ணினாலும் போகாது. அதனால் தான் சுட வைத்து தாளித்த சாதத்தை சாப்பிட்டவர்களுக்கும் வாந்தி வருகிறது. சமைத்ததை 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பிரிட்ஜ் இல்லாத கேம்பில் ஒரே வழி, ராத்திரிக்கு தனியாக, அளவாக சமைப்பது தான்.

தண்ணீரும் அப்படித்தான். கொதிக்க வைத்து ஆற வைத்த தண்ணீரை மூடிய பாத்திரத்தில் வைத்து, நீளக் கரண்டியால் மொண்டு ஊற்ற வேண்டும். சொம்பை கையோடு உள்ளே விடக்கூடாது. பெண் பிள்ளைகள் பலர் கழிவறை வசதியை நினைத்து தண்ணீரே குடிக்காமல் இருந்து விடுகிறார்கள். இதை அம்மாக்கள் தான் முன்கூட்டியே பேச முடியும். வாந்தி, பேதி வந்தால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு பெரிய பாக்கெட் ஓ.ஆர்.எஸ். கலந்து கொஞ்சம் கொஞ்சமாக கொடுத்துக்கொண்டே 108-க்கு போன் போட வேண்டும்.

கிளம்பும் முன்பு பொறுப்பாசிரியரிடம் தயங்காமல் கேட்கலாம். "சார், ராத்திரி சாப்பாடு எத்தனை மணிக்கு சமைப்பீங்க? தண்ணி எங்க இருந்து? சாயந்திரம் சுண்டல் போட முடியுமா?" 10 பெற்றோர் சேர்ந்து ஆளுக்கு ஒரு படி கடலை, பயறு கொடுத்து விட்டால் யாரும் வேண்டாம் என்று சொல்லப்போவது இல்லை.

முதல் நாள் ராத்திரிக்கு வீட்டில் இருந்தே கட்டிக்கொடுக்க ஆசைப்படுகிறவர்களுக்கு நம்ம ஊர் கோவில் இட்லி இருக்கவே இருக்கு. வரதராஜ பெருமாள் கோவிலில் மந்தாரை இலை போட்ட மூங்கில் குடலையில் வேக வைக்கிற அதே பக்குவம் தான். பச்சரிசி, உளுந்து, மிளகு, சீரகம், சுக்கு, நெய். வீட்டில் குடலை இல்லை என்றால் டம்ளரில் ஊற்றி வேக வைக்கலாம். நன்றாக ஆற விட்டு கட்டி, தொட்டுக்க மிளகாய்ப்பொடி வைத்து விடுங்கள். தேங்காய் சட்னி மட்டும் வேண்டவே வேண்டாம், பஸ் போய் சேருவதற்குள் ஊசிப்போய்விடும்.