திரையில் சுழலும் மூலக்கூறு

ரயில்வேயில் முப்பத்தைந்து ஆண்டுகள் வரைபடங்களோடு வாழ்ந்தவன் நான். மேல் தோற்றம், முன் தோற்றம், பக்கத் தோற்றம் என்று மூன்று படங்களைக் கொடுத்தால் பாலத்தின் கர்டரை மனத்திலேயே நிறுத்திப் பார்த்துவிடுவேன். ஆனால் பி.யூ.சி. இரண்டாம் ஆண்டு படிக்கும் என் பேத்தி, தன் புத்தகத்திலிருந்த கொலாஜன் படத்தைக் காட்டி, "மூணு இழை முறுக்கியிருக்காம் தாத்தா. எது முன்னால, எது பின்னாலன்னே தெரியலை. எனக்கு பயாலஜி வராது, விட்டுடறேன்" என்று கண் கலங்கியபோது, எனக்கும் அந்தப் படம் பிடிபடவில்லை.

அன்று மாலை வீட்டுக் கம்ப்யூட்டரில் புரதத் தரவு வங்கியின் இணையப் பக்கத்தைத் திறந்தோம். 1971ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஏழே ஏழு அமைப்புகளுடன் தொடங்கிய வங்கி அது. இன்று அதில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட அமைப்புகள் உள்ளன. யாரும் இலவசமாகப் பார்க்கலாம். கொலாஜனைப் போன்ற ஒரு சிறு துண்டின் அமைப்பு 1994இல் வெளியானது. அதன் குறியீடு 1-சி-ஏ-ஜி. மவுஸைப் பிடித்து இழுத்ததும் மூன்று நிற இழைகள் கயிறு போல முறுக்கிக்கொண்டு சுழன்றன. பேத்தியின் முகம் மலர்ந்தது.

இது எப்படி நடக்கிறது? திரையில் தெரிவது புகைப்படம் அல்ல. வங்கியிலிருந்து வருவது எண்களின் பட்டியல்தான். அணுவுக்கு ஒரு வரி. அது என்ன அணு, எந்த இழையில் இருக்கிறது, நீளம், அகலம், உயரம் என்ற மூன்று திசைகளில் அதன் இடம் எங்கே என்பதெல்லாம் அந்த வரியில் இருக்கும். அளவு ஆங்ஸ்ட்ராமில், அதாவது ஒரு சென்டிமீட்டரில் பத்துக் கோடியில் ஒரு பங்கில். பழைய கோப்பு வடிவத்தில் ஒரு வரிக்கு 80 இடங்கள். பஞ்ச் கார்டைக் கையாண்ட என் போன்றவர்களுக்கு அந்த 80 எங்கிருந்து வந்தது என்று சொல்லவேண்டியதில்லை!

நாம் மவுஸை நகர்த்தும்போது மென்பொருள் எல்லா அணுக்களின் இடத்தையும் அந்தக் கோணத்துக்கு ஏற்பக் கணக்கிட்டு, முன்னால் உள்ளவை பின்னால் உள்ளவற்றை மறைக்கும்படி மீண்டும் வரைகிறது. 1993இல் வந்த ராஸ்மால் கம்ப்யூட்டரில் தனியாக இயங்கியது. 1996இல் வந்த சைம் இதை இணையப் பக்கத்துக்குள்ளேயே கொண்டுவந்தது. அதற்கு ஒரு துணை மென்பொருளைத் தனியே நிறுவவேண்டியிருந்தது. இன்று மோல்ஸ்டார் போன்றவற்றுக்கு அதுவும் வேண்டாம். கைப்பேசியே போதும்.

அன்று ஒரு தவறும் செய்தேன். "ஹைட்ரஜன் எங்கே தாத்தா?" என்று கேட்டாள். தேடிப் பார்த்துவிட்டு, "இதில் ஹைட்ரஜன் கிடையாதம்மா" என்று அடித்துச் சொல்லிவிட்டேன். அதை வகுப்பில் சொல்லி, எல்லோர் முன்னிலையிலும் தலைகுனிந்து வந்தாள். எக்ஸ் கதிர்கள் எலக்ட்ரான்களால் சிதறுகின்றன. ஹைட்ரஜனிடம் இருப்பது ஒரே ஒரு எலக்ட்ரான். ஆகவே பெரும்பாலான ஆய்வுகளில் அது புலப்படுவதில்லை. புலப்படாததைக் கோப்பில் எழுதாமல் விட்டிருக்கிறார்கள், அவ்வளவே. அணுக்களை இணைக்கும் குச்சிகளும் பெரும்பாலும் கோப்பில் இருப்பதில்லை. மென்பொருளே கணித்துப் போடுகிறது. சிறிய அளவு வரைபடத்தில் ரிவெட் காட்டவில்லை என்பதால் பாலத்தில் ரிவெட் இல்லை என்று நான் சொல்வேனா? பேத்தியிடம் மன்னிப்புக் கேட்டேன்.

இந்த இடத்தில் பேராசிரியர் ஜி.என். இராமச்சந்திரனை நினைக்காமல் இருக்கமுடியாது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து, பந்துகளையும் குச்சிகளையும் கொண்டு மாதிரி கட்டி, கொலாஜனில் மூன்று இழைகள் உண்டு என்று 1954இல் அறிவித்தவர் அவர். அந்த மாதிரியில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கியிருப்பதாக ரிச், கிரிக் என்ற இரு விஞ்ஞானிகள் குறை கூறினர். அவர் சோர்ந்துவிடவில்லை. அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்பதையே ஆராயத் தொடங்கினார். அதன் விளைவாக, இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் 1963இல் வெளியிட்டதுதான் இராமச்சந்திரன் வரைபடம். புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் திரும்பலாம், எவற்றில் திரும்ப இயலாது என்று அது காட்டுகிறது. பின்னர் அவர் நம் பெங்களூருக்கு வந்து, இந்திய அறிவியல் கழகத்தில் மூலக்கூறு உயிர் இயற்பியல் துறையை நிறுவினார்.

இன்று தரவு வங்கியில் ஒரு புரதத்தைத் திறந்தால், இராமச்சந்திரன் வரைபடத்துக்கு ஒவ்வாத பகுதிகள் எத்தனை சதவிகிதம் என்பதை அதன் தர மதிப்பீட்டில் காணலாம். சுழலும் படத்தில் மயங்கும் முன் அந்த எண்ணையும் பாருங்கள். என் பேத்தி இப்போது அதைத்தான் முதலில் பார்க்கிறாள். பயாலஜியை அவள் விடவில்லை.