வருவாய் மாறும் இல்லமும் நொடிப்புச் சட்டமும்

கடன் தீர்க்க வழியற்றுப் போனவரைக் குறிக்கத் தமிழில் சொற்கள் பல உள. ‘நொடித்துப் போனார்’ என்பது நெடுநாளைய வழக்கு. ‘திவால்’ வடபுலத்திலிருந்து வந்து நம்மிடையே நிலைத்துவிட்டது. மலாயில் வழங்கும் ‘முப்லிஸ்’ அரபு வழி வந்தது. தமிழ்நாட்டிலோ ‘மஞ்சள் கடுதாசி கொடுத்தார்’ என்பர். இவ்வழக்கு உற்று நோக்கத்தக்கது. இதில் கடுதாசி கொடுப்பவர் கடன்பட்டவரே. கடன் 500 ரூபாயை எட்டியிருப்பின், அதைத் தீர்க்க இயலாதவர் தாமே நீதிமன்றத்தை அணுகலாம் என அங்கு 1920ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டம் வழிசெய்தது.

மலேசியாவிலும் கடன்பட்டவர் தாமே மனுச் செய்யச் சட்டம் இடந்தருகிறது. ஆயினும் நடைமுறையில் வழக்கைக் கொணர்பவர் பெரும்பாலும் கடன் கொடுத்தவரே. இவ்வேறுபாட்டை உணராதார், அயல்நாட்டு அறிவுரைகளை இங்கும் பொருந்துவனவாகக் கொண்டு மயங்குகின்றனர். அமெரிக்காவில் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, மனுச் செய்வதற்கு முந்திய 6 மாதங்களின் சராசரி வருவாய் கணக்கிடப்படுகிறது. அது அந்தந்த மாநிலத்தின் நடுத்தர வருவாயோடு ஒப்பிடப்படுகிறது. ஆகவே வருவாய் குறைந்த மாதங்கள் கூடும்வரை காத்திருந்து மனுச் செய்வது அங்கு ஒரு திட்டம். மலேசியச் சட்டத்தில் அத்தகைய வருவாய்த் தேர்வு இல்லை. இங்கு முதற்கண் அளக்கப்படுவது கடனின் அளவு.

1967ஆம் ஆண்டின் சட்டம் 2017 அக்டோபரில் நொடிப்புச் சட்டம் எனப் புதுப்பெயர் பெற்றது. அதுவரை 30,000 வெள்ளியாக இருந்த எல்லை அப்பொழுது 50,000 ஆயிற்று. பெருந்தொற்றுக் காலத்தில், 2020 அக்டோபரில், இடைக்கால ஏற்பாடாக அது 100,000 வெள்ளிக்கு உயர்ந்தது. 2021 செப்டம்பர் முதல் அதுவே நிலைபெற்றது. கடன் கொடுத்தவர் இருவரோ பலரோ சேர்ந்து மனுச் செய்தால் அவரவர் தொகைகளைக் கூட்டியும் இவ்வெல்லையைக் காட்டலாம். தீர்ப்புப் பெற்றவர் விடுக்கும் நொடிப்பு அறிவிப்பு கைக்குக் கிடைத்த 7 நாள்களுக்குள் கடனைச் செலுத்தவோ தக்க காரணத்தோடு எதிர்க்கவோ தவறினால், அதுவே மனுவுக்கு அடிப்படையாகிவிடும்.

‘என் கடன் எண்பதாயிரம்தான், எனக்கு அச்சமில்லை’ என்போர் உளர். இது தவறான துணிவு. எல்லைக்குக் கீழே நிற்பவரை நொடித்தவராக்க முடியாதே தவிர, வழக்குத் தொடரவும் பொருளைப் பறிமுதல் செய்யவும் தடையில்லை. வட்டியோ நிற்பதில்லை, எண்பதாயிரம் தானே நடந்துபோய் எல்லையைத் தொட்டுவிடும்.

பேராக் மாநிலத் தமிழர்க்கு வருவாய் ஏறியிறங்குவது புதிதன்று. பால்மர வெட்டு நடந்த நாளில், விடியலில் மழை பெய்தால் வேலை இல்லை. இலையுதிர் காலத்தில் பால் சுருங்கும். ரப்பர் விலை வீழ்ந்தால் கூலியும் ஆட்டங்காணும். அந்நாளில் கடன் கொடுத்தவர் தோட்டத்துக் கடைக்காரர். மழை அவர் கூரையிலும் பெய்தது. ஆகவே பற்றுப் புத்தகத்தில் ஒரு மாதம் ஏறியதை மறுமாதம் இறக்கிக்கொள்ள அவர் இசைந்தார். (அவர் சொன்ன விலையைக் கேள்வி கேட்பார் இல்லை என்பதும் உண்மையே.) தோட்டத் துண்டாடலும், ரப்பர் போய்ச் செம்பனை வந்ததும், 1985இல் ஈயவிலை சரிந்ததும் மக்களை நகர்ப்புறத்துக்கும் தொழிற்சாலைகளுக்கும் தள்ளின. மாதச் சம்பளம் வந்தது. அதனோடு தவணைக் கடனும் வந்தது. சம்பளத்தில் அடிப்படை சிறிது. மிகைநேர ஊதியமே குடும்பத்தைத் தாங்குவது. தவணைக்கோ மழையும் தெரியாது, மிகைநேரமும் தெரியாது.

ஈப்போ புறநகரில் வாழும் ஒரு குடும்பத்தைக் கற்பனையாகக் கொள்க. கணவர் வருவாய் மிகைநேரத்தோடு 2,600 வெள்ளி, மனைவிக்கு 1,700, ஆக 4,300. வீட்டுச் செலவு 2,700 போக எஞ்சுவது 1,600. கார், தனிநபர் கடன், கடனட்டை ஆகியவற்றின் தவணை 1,500. மிகைநேரம் நிறுத்தப்படுகிறது, கணவர்க்கு 2,000 மட்டுமே. இப்பொழுது செலவு போக மிச்சம் 1,000. தவணைக்கு 500 குறைகிறது. மூன்றாண்டு கழித்து நேரும் தொல்லைக்கு விதை விழும் மாதம் இதுவே.

ஏனெனில், அந்த 1,000 வெள்ளி மிச்சம் இருக்கும்வரை ஒரு வழி திறந்திருக்கிறது. நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006இல் நிறுவிய ஏ.கே.பி.கே. என்னும் கடன் ஆலோசனை நிறுவனம், பல வங்கிக் கடன்களையும் ஒருங்கே ஆய்ந்து, தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்டும் திட்டம் வகுத்துத் தருகிறது. ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை. ஆனால் செலவு போகக் கையில் ஏதேனும் மிஞ்சவேண்டும். நொடித்தவராக அறிவிக்கப்பட்டிருத்தலும் கூடாது. ஆலை மூடப்பட்டுக் கணவர் வருவாய் முற்றும் நின்றால் இக்குடும்பத்துக்கு மிச்சம் இல்லை. மாதம் 1,000 வெள்ளி பற்றாக்குறை. எதைக் கொண்டு திட்டம் வகுப்பது? வேலையிழந்தவர் 60 நாளுக்குள் சொக்சோவிடம் விண்ணப்பித்தால் வேலை தேடும் காலத்துக்குரிய உதவித்தொகை சில மாதம் கிட்டும். அது போகப்போகக் குறைவது. அந்த மாதங்கள் கடன்காரரோடு பேசுவதற்குரியவை.

இரண்டாவது வழி, 2017இல் சட்டத்திற் புகுந்த தன்விருப்ப ஏற்பாடு. நொடித்தவரென அறிவிக்கப்படுமுன் கடன்பட்டவர் ஒரு கணக்காளரையோ வழக்கறிஞரையோ முன்னிறுத்தித் திட்டமொன்று தரலாம். நீதிமன்றம் அளிக்கும் 90 நாள் இடைக்கால ஆணை, அதுவரை வழக்குகளைத் தடுத்து நிறுத்தும். கூட்டத்தில் வாக்களிக்கும் கடன்காரருள் பெரும்பான்மையோர், கடன்தொகையில் நாலில் மூன்று பங்குக்கு உரியோராய் இருந்து, இசைதல் வேண்டும். இதற்கும் காட்டத்தக்க வருவாய் வேண்டும் என்பது வெளிப்படை.

இவ்வழிகளை விட்டுப் பலர் நாடுவது வேறு. வீட்டை மனைவி பேருக்கோ மகன் பேருக்கோ விலையின்றி மாற்றி எழுதுகின்றனர். எழுதியவர் 2 ஆண்டுக்குள் நொடித்தால் அக்கொடை செல்லாது. 5 ஆண்டுக்குள் நொடித்தாலும், அச்சொத்தின்றியே அன்று தம் கடன்களை அடைக்க இயன்றது என்று மெய்ப்பித்தாலன்றி நில்லாது. மற்றொரு பிழை, கிடைக்கும் வழியிலெல்லாம் சேமநிதியை எடுத்துத் தவணை கட்டுவது. ஊழியர் சேமநிதியில் உள்ள தொகையைக் கடன்காரர் பற்ற இயலாது; நொடித்தபின்னும் அது நிருவாகிக்குச் செல்வதில்லை. சட்டமே வேலி கட்டிய பணத்தை, எப்படியும் முறியப்போகும் கடனுக்கு இறைப்பது பேதைமை. அதினும் கொடிது ஆலோங்கிடம் வாங்கி வங்கிக்குக் கட்டுவது.

பிணைக் கையெழுத்திட்ட ஆசிரியர்கட்கு ஒரு செய்தி. கல்விக் கடன், சொந்தப் பயன்பாட்டு வாகனக் கடன், குடியிருக்கும் வீட்டுக் கடன் ஆகியவற்றுக்கு ஊதியம் கருதாது பிணைநின்றவர் சமூகப் பிணையாளர் எனப்படுவார். 2017 முதல் அவரை நொடித்தவராக்க இயலாது. கடன் கேட்டு வழக்கிடுதல் வேறு. அதற்கு இவ்விலக்கு உதவாது.

அறிவிப்பு வந்தேவிட்டால்? வருவாய்க் கணக்கு அப்பொழுதும் முடிவதில்லை. நொடித்தவர் தம் சொத்து, கடன், வருவாய் நிலையை அறிக்கையாகத் தருதல் வேண்டும். 2017 திருத்தம் வகுத்த தானே விடுபடும் 3 ஆண்டு, அவ்வறிக்கை தந்த நாளிலிருந்தே எண்ணப்பட்டது. அறிக்கை தர அஞ்சி ஒளிந்தவர்க்கு ஆண்டுகள் ஓடினவே தவிர எண்ணிக்கை தொடங்கவில்லை. அவர் செலுத்தவேண்டிய பங்கை வரையறுக்கையில் அவருடைய வயது, கல்வி, உடல்நலம், ஈட்டத்தக்க வருவாய், குடும்பப் பராமரிப்பு ஆகியவற்றோடு, துணைவரின் மாத வருவாய் குடும்பத்தைத் தாங்க எவ்வளவு உதவும் என்பதையும் கருதுமாறு அத்திருத்தம் பணித்தது. மனைவியின் சம்பளம் கணவர் கடனுக்குப் பொறுப்பன்று. ஆனால் கணக்கில் அது இடம்பெறும். ஆறு திங்களுக்கு ஒருமுறை வரவைக் காட்டுவதும் கடமை. மனைவி வேலையிழந்தால், குழந்தை பிறந்தால், அதனை மறையாமல் எழுத்தில் தெரிவித்துத் தவணையை மறு ஆய்வு செய்யக் கோரலாம். 2023 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த திருத்தம், 70 வயதை எட்டி இனிப் பங்களிக்க இயலாத நிலையினர்க்கும் மனநலம் குன்றியோர்க்கும் விடுதலையை எளிதாக்கியது.

ஏ.கே.பி.கே.க்கும் நொடிப்புத் துறைக்கும் ஈப்போவில் அலுவலகம் உண்டு. செல்வோர் சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கறிக்கை, கடன் ஒப்பந்தங்கள் ஆகியவற்றோடு வீட்டுச் செலவுப் பட்டியல் ஒன்றையும் எழுதிக் கொண்டுசெல்லல் நன்று. பள்ளி வேன் கட்டணம், முதியோர் மருந்து, கோயில் வரி, ஊர்த் திருமணங்களுக்கு வைக்கும் மொய் ஆகியவை அப்பட்டியலில் விடுபட்டுப் போவது வழக்கம். விடுபட்டால் மிச்சம் உள்ளதினும் மிகுதியாகத் தோன்றும். கட்ட இயலாத தவணை உறுதியாகிவிடும்.