பல்கலைக்கழக வரலாற்றுப் பாடமும் மாணவர் பட்டறிவும்: லூமுட் களப்பணியை முன்வைத்துச் சில குறிப்புகள்

முன்னுரை

பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பாடம் பயிலும் நம் மாணவர்கள் அப்பாடத்தின்வழி எதனைப் பெறுகின்றனர் என்னும் வினாவை நாம் அடிக்கடி எழுப்புவதில்லை. பாடத்திட்டம் பற்றியும் நூற்பட்டியல் பற்றியும் விரிவுரையாளரிடையே நிறையப் பேச்சு உண்டு. பயில்வோரின் பட்டறிவைப் பற்றிய பேச்சு மிகக் குறைவு. பாட முடிவில் மாணவர் நிரப்பித் தரும் மதிப்பீட்டுப் படிவங்களோ, விரிவுரையாளர் உரிய நேரத்தில் வகுப்பிற்கு வந்தாரா என்பதைத் தெரிவிக்கும் அளவிற்கு, மாணவரின் உள்ளத்தில் என்ன நிகழ்ந்தது என்பதைத் தெரிவிப்பதில்லை.

மலேசிய இந்தியர் வரலாறு குறித்து நாம் நடத்திவரும் பாடத்தில், ஒவ்வொரு மாணவரும் தம் குடும்பம் வாழ்ந்த இடத்தின் வரலாற்றை மூலச் சான்றுகளின் துணைகொண்டு எழுதித் தரவேண்டும் என்பது விதி. சில ஆண்டுகளுக்கு முன்னர், பேராக் மாநிலத்தின் மஞ்சோங் வட்டாரத்தைச் சேர்ந்த மாணவர் சிலர் ஒரே வகுப்பில் அமைந்தனர். அவ்வாண்டு வகுப்பு முழுவதையும் லூமுட்டிற்கு அழைத்துச் சென்றோம். அங்கு மாணவர்கள் எதிர்கொண்டவற்றை ஒட்டியே இக்கட்டுரை அமைகின்றது.

பள்ளியிலிருந்து கொண்டுவருபவை

நம் வகுப்பிற்கு வரும் மாணவருக்கு வரலாறு புதிய பாடமன்று. இடைநிலைப்பள்ளியில் ஐந்தாண்டுகள் அதனைப் பயின்றவர்கள். 2013 முதல் எஸ்.பி.எம். சான்றிதழ் பெற வரலாற்றுப் பாடத்தில் தேர்ச்சி கட்டாயமாக்கப்பட்டமையால், அப்பாடத்தின்மீது ஓர் அச்சமும் அவர்களிடம் உண்டு. ஆண்டுகளை மனனம் செய்வதில் வல்லவர்கள். பங்கோர் உடன்படிக்கை என்றவுடன் 1874ஆம் ஆண்டு சனவரி 20 என்று ஒரே குரலில் கூறுவர். அவ்வுடன்படிக்கையால் லூமுட்டில் வாழ்ந்த மக்களுக்கு நேர்ந்தது யாது என்று வினவினால் வகுப்பு அமைதியாகிவிடும். லூமுட்டிலேயே பிறந்து வளர்ந்த மாணவியும் அவ்வமைதியில் பங்குகொண்டார் என்பதே நம்மைச் சிந்திக்க வைத்தது.

முதல் நான்கு வாரங்கள் மாணவருக்குத் துன்பமானவை. ஒரே நிகழ்ச்சிக்கு இரு நூலாசிரியர் இருவேறு விளக்கம் தரும்போது, "எது சரி, ஐயா?" என்றே கேட்கின்றனர். கெர்னியல் சிங் சாந்து 1969இல் வெளியிட்ட நூலிலும், சின்னப்பா அரசரத்தினம் 1970இல் வெளியிட்ட நூலிலும் தம் தாத்தா பாட்டியின் வாழ்க்கையைத் தேடுகின்றனர். அங்கே கப்பலேறியோர் தொகையும் கங்காணி முறையின் இயக்கமும் கிடைக்கின்றன. தெரிந்த முகம் ஒன்றும் கிடைப்பதில்லை. ரவீந்திர கே. ஜெயின் ஒரு தோட்டத்தை அணுகி ஆராய்ந்து எழுதியதைப் படிக்கும்போது முகங்கள் தெரியத் தொடங்குகின்றன. ஆனால் அத்தோட்டத்திற்கு அவர் புனைபெயர் இட்டிருப்பதைக் கண்டு ஒரு மாணவர் சினங்கொண்டார். தம் மக்கள் வாழ்ந்த இடத்திற்கு உண்மைப் பெயர்கூட ஏட்டில் இல்லையே என்பது அவர் குறை. ஆய்வறத்தின்பொருட்டு அவ்வாறு செய்வது மரபு என்று விளக்கினோம். விளக்கம் அவரை முழுதும் நிறைவுசெய்யவில்லை. அக்குறையில் பொருளில்லை என்று நாமும் கருதவில்லை.

டிண்டிங்ஸ் என்னும் மறைந்த எல்லை

லூமுட்டின் வரலாற்றில் பலரும் கருதாத ஒரு கூறு உண்டு. 1826இல் கேப்டன் ஜேம்ஸ் லோ பேராக் சுல்தானுடன் செய்துகொண்ட உடன்பாட்டின்வழி, கடற்கொள்ளையை ஒடுக்கும் பொருட்டெனப் பங்கோர் தீவும் செம்பிலான் தீவுகளும் கிழக்கிந்தியக் கும்பினிக்கு விட்டுக்கொடுக்கப்பட்டன. 1874ஆம் ஆண்டுப் பங்கோர் உடன்படிக்கையில் அதனோடு கரையோர நிலப்பகுதியும் சேர்க்கப்பட்டு, டிண்டிங்ஸ் என்னும் நிலக்கூறு உருவாயிற்று. பேராக் சுல்தானின் ஆட்சியைப் பிரித்தானிய ஆலோசகர் வழிநடத்திய காலத்தில், அதன் கடற்கரையில் இருந்த லூமுட் மட்டும் பேராக்கைச் சேராமல் நீரிணைக் குடியேற்றங்களைச் சேர்ந்ததாக, பினாங்கு ஆட்சியின்கீழ் இருந்தது. டிண்டிங்ஸ் பெரிதும் பயன்தரவில்லை என்பதை ஆங்கிலேயர் காலப்போக்கில் உணர்ந்தனர். 1934இல் செய்யப்பட்ட உடன்பாட்டின்படி 1935 பிப்ரவரியில் அப்பகுதி பேராக்கிடம் திருப்பி அளிக்கப்பட்டது. இன்று மஞ்சோங் மாவட்டத்தில், கடற்படைத் தளத்திற்கும் பங்கோர் தீவிற்குச் செல்லும் படகுத்துறைக்கும் பெயர்பெற்ற லூமுட்டில், அந்த அறுபது ஆண்டு எல்லையைக் காட்டும் அடையாளம் மக்கள் கண்ணில் படுவதில்லை.

இதனை விரிவுரையில் கூறினால் மாணவர் குறிப்பெடுத்துக்கொண்டு மறந்துவிடுவர். அவர்கள் அதனை மறவாமல் இருந்தமைக்குக் காரணம் ஒரு பிறப்புச் சான்றிதழ்.

இரு சான்றுகளும் ஒரு பிழையும்

மேற்குறித்த லூமுட் மாணவி, மறைந்த தம் தாத்தாவின் பிறப்புச் சான்றிதழை வீட்டிலிருந்த தகரப்பெட்டியில் கண்டெடுத்தார். பிறந்த ஆண்டு 1931. தலைப்பில் 'நீரிணைக் குடியேற்றங்கள்' என்று ஆங்கிலத்தில் அச்சிடப்பட்டிருந்தது. நீரிணைக் குடியேற்றங்கள் என்றால் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் என்று பள்ளியில் அவர் படித்திருந்தார். இதற்கிடையே, எண்பதைக் கடந்த பாட்டியிடம் அவர் பதிவுசெய்த நேர்காணலில், கணவர் குடும்பத்தைப் பாட்டி "பினாங்கு வீடு" என்றே குறிப்பிட்டிருந்தார். ஆவணம் ஒன்று, வாய்மொழி ஒன்று, இரண்டும் ஒத்துப்போகின்றன. ஆகவே தம் தாத்தா பினாங்குத் தீவில் பிறந்து பின்னர் லூமுட்டிற்குக் குடிபெயர்ந்தவர் என்று மாணவி முதல் வரைவில் எழுதினார். ஒன்றையொன்று சாராத இரு சான்றுகள் ஒத்துப்போனால் அம்முடிவை ஏற்கலாம் என்று வகுப்பில் கற்பித்தவர்கள் நாம்தாம்.

சான்றிதழில் வட்டாரம் என்னும் கட்டத்திற்கு எதிரே 'டிண்டிங்ஸ்' என்று கையால் எழுதப்பட்டிருந்தது. அது பினாங்கில் உள்ள ஒரு சிற்றூராக இருக்கும் என்று மாணவி எண்ணிக் கடந்துவிட்டார். களப்பணியின் இரண்டாம் நாள் மாலை, கடலோரச் சாப்பாட்டுக் கடையொன்றில் அமர்ந்து, கொண்டுசென்றிருந்த பழைய நிலப்படத்தின் படியினை விரித்தபோது, தாம் அமர்ந்திருந்த இடத்தின்மீதே அச்சொல் எழுதப்பட்டிருப்பதை அவர் கண்டார். தாத்தா எங்கிருந்தும் குடிபெயரவில்லை. அவர் பிறந்தது லூமுட்டில். அவர் தந்தை பொதுப்பணி இலாகாவில் சாலை வேலை செய்தவர் என்று பாட்டி கூறியிருந்ததும் அதனோடு பொருந்தியது. குடும்பத்தில் வழங்கிவந்த "தாத்தா கப்பலில் வந்தவர்" என்னும் கதை ஒரு தலைமுறை தள்ளிப்போயிற்று.

பாட்டியின் சொல்லும் பிழையன்று என்பதே இதில் நுட்பமான செய்தி. பாட்டி எல்லைக்கு அப்பால், பேராக் பகுதித் தோட்டமொன்றில், டிண்டிங்ஸ் திருப்பி அளிக்கப்பட்ட காலத்தையொட்டிப் பிறந்தவர். அந்த எல்லையை அவர் கண்ணால் கண்டறிந்திருக்க வழியில்லை. மருமகளாகச் சென்ற வீட்டில் மாமியார் வழங்கிய சொல்லை அவரும் வழங்கினார். அரசாங்கம் அழித்த எல்லை, ஒரு வீட்டுப் பேச்சில் அரை நூற்றாண்டிற்கு மேலாக நிலைத்திருந்திருக்கின்றது. இத்தாலிய அறிஞர் அலெசாண்ட்ரோ போர்த்தெல்லி, தெர்னி நகரத் தொழிலாளர் ஒருவரின் மரணத்தை ஆராய்ந்தபோது, 1949இல் நிகழ்ந்த அம்மரணத்தை ஊரார் பலரும் 1953இல் நிகழ்ந்ததாக நினைவுகூர்வதைக் கண்டு, அம்மாற்றத்தையே ஆய்வுக்குரிய சான்றாகக் கொண்டார். அக்கட்டுரையை வகுப்பில் பலமுறை கற்பித்துள்ளோம். 'பினாங்கு வீடு' என்னும் தொடருக்குப் பிறகே மாணவர் அதனை விருப்பத்தோடு படித்தனர்.

ஆவணத் தேடலிலும் இவ்வெல்லை மாணவரை அலைக்கழித்தது. 1935க்கு முற்பட்ட லூமுட் இந்தியர் பற்றிய செய்திகளைப் பேராக் மாநிலக் கோப்புகளில் தேடியோர் வெறுங்கையுடன் திரும்பினர். அச்செய்திகள் இருக்கவேண்டிய இடம் நீரிணைக் குடியேற்றங்களின் ஆண்டறிக்கைகளும், இலண்டன் கியூ ஆவணக் காப்பகத்தில் சி.ஓ. 273 என்னும் வரிசையில் உள்ள கடிதப் போக்குவரத்துமாகும்.

சிவப்பு அட்டை

அம்மாணவியின் கட்டுரை அத்துடன் முடிந்திருந்தால் அது ஒரு நல்ல பயிற்சி மட்டுமே ஆகியிருக்கும். அவர் வீட்டில் வேறொரு கதையும் இருந்தது. தாத்தா விடுதலைக்குப் பின் விரைவிலேயே குடியுரிமை பெற்றார்; பாட்டி பல்லாண்டுகள் சிவப்பு அடையாள அட்டையுடனேயே இருந்தார். பாட்டியின் சோம்பலும் அறியாமையும் அதற்குக் காரணம் என்று வீட்டில் வேடிக்கையாகப் பேசிக்கொள்வது வழக்கம். பேத்தியும் அவ்வேடிக்கையில் சிரித்து வளர்ந்தவர்.

சான்றிதழ் கையில் கிடைத்த பின்னர், பாட்டிக்கு ஏன் அப்படியொரு தாள் இல்லை என்று அவர் கேட்கத் தொடங்கினார். தாத்தா பிரித்தானிய ஆட்சிக்கு நேரடியாக உட்பட்ட மண்ணில், ஒரு சிறு நகரில், பதிவு அலுவலகத்திற்கு அருகில் பிறந்தவர். பாட்டி தோட்டத்து லயத்தில் மருத்துவச்சி கையில் பிறந்தவர். அவர் பிறப்பு பதியப்படவில்லை. விடுதலைக்கு முன் இம்மண்ணில் பிறந்தோர் விண்ணப்பித்துக் குடியுரிமை பெற 1957ஆம் ஆண்டு அரசமைப்புச் சட்டம் இடமளித்தது. தொடக்க ஓராண்டில் விண்ணப்பிப்போருக்கு மலாய்மொழித் தேர்விலிருந்து விலக்கும் இருந்தது. ஆனால் பிறந்த இடத்தை மெய்ப்பிக்க ஏதேனும் சான்று காட்டியாகவேண்டும். படிவத்தை நிரப்பித்தரக் கேட்டபோது தோட்டத்துக் கிராணி "பிறகு பார்க்கலாம்" என்றதாகவும், அந்தப் 'பிறகு' வரவேயில்லை என்றும் பாட்டி ஒலிப்பதிவில் கூறுகின்றார். 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதோர் வேலை அனுமதி பெறவேண்டியிருந்ததும், பல்லாயிரம் இந்தியர் தமிழகம் திரும்பியதும் நாம் அறிந்தவையே. அக்காலத்தில் தாம் ஒவ்வொரு பெரட்டிலும் பெயர் கூப்பிடப்படும்வரை அஞ்சி நின்றதாகப் பாட்டி சொல்லியிருக்கின்றார். அதனை அவர் வீட்டில் யாரிடமும் முன்னர்ச் சொன்னதில்லை. ஏன் சொல்லவில்லை என்று பேத்தி கேட்டதற்கு, "யாரு கேட்டா?" என்பதே விடை.

தோட்ட ஏடுகளும் கோயில் ஏடுகளும்

ஈப்போவைச் சேர்ந்த மாணவர் ஒருவர், தம் தாயார் பிறந்த தோட்டத்தின் செக்ரோல் ஏடுகளைத் தேடினார். தோட்டம் பலமுறை கைமாறிச் செம்பனைக்கு மாறியிருந்தது. பழைய ஏடுகளை எரித்துவிட்டதாக அலுவலகத்தில் கூறினர். 1950களிலும் 1960களிலும் நிகழ்ந்த தோட்டத் துண்டாடலைப் பற்றியும், அதனை எதிர்கொள்ளத் துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தது பற்றியும் நம் மாணவர் படிக்கின்றனர். தோட்டம் துண்டானபோது அதன் காகிதங்கள் என்னவாயின என்று நூல்கள் பெரும்பாலும் பேசுவதில்லை. அம்மாணவர் இறுதியில் தோட்டத்து மாரியம்மன் கோயிலின் திருவிழா வரவுசெலவுக் குறிப்பேட்டிற்கு வந்துசேர்ந்தார். நன்கொடையாளர் பெயர், அவர் பால்வெட்டுக்காரரா வெளிக்காட்டு வேலைக்காரரா, எந்த லயம், எவ்வளவு வெள்ளி என்பன ஆண்டுதோறும் எழுதப்பட்டிருந்தன. ஊதிய ஏட்டில் கிடைக்காத உறவுமுறைகள்கூட அதில் கிடைத்தன. தோட்டத் தமிழ்ப்பள்ளிகளின் மாணவர் சேர்க்கைப் பதிவேடுகளும் இத்தகையனவே. தந்தை பெயரும் தொழிலும் குடியிருப்பும் தேதியுடன் பதிவான ஏடு அது. பள்ளி இடம்மாறும்போது முதலில் குப்பைக்குப் போவதும் அதுவே என்பதைத் தலைமையாசிரியர் பலர் வருத்தத்தோடு நம்மிடம் கூறியுள்ளனர்.

மொழிச் சிக்கலும் மௌனமும்

இக்கட்டுரைகளை மாணவர் மலாய்மொழியில் எழுதவேண்டியிருந்தது. 'பெரட்டு' என்பதைக் 'காலைக் கூட்டம்' என்னும் பொருளில் பெயர்த்த மாணவர், இருள் பிரியாத வேளையில் வரிசையில் நின்று பெயர் கொடுத்து, தாமதித்தால் அன்றைய கூலியை இழந்து திரும்பும் நிலை அச்சொல்லில் இல்லை என்பதைத் தாமே உணர்ந்து, மூலச்சொல்லை அப்படியே வைத்துக் குறிப்பு எழுதினார். கங்காணி, தண்டல், ஒட்டுப்பால், ஆயாக் கொட்டகை என அக்குறிப்புகள் பெருகி ஒரு சிறு சொல்லடைவாயின. தமிழறிந்த மாணவருக்கு இப்பாடத்தில் உள்ள தனி வாய்ப்பு இது. வீட்டில் தமிழ் பேசாத மாணவர் இருவர் இவ்விடத்தில் மிகவும் இடர்ப்பட்டனர் என்பதையும் மறைப்பதற்கில்லை.

ஒரு மாணவரின் கட்டுரை மட்டும் நேர்காணல் இன்றியே வந்தது. அவருடைய பூட்டன் சயாம் மரண இரயில்பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டு மீண்டவர் என்பது குடும்பத்தார் அறிந்த செய்தி. பூட்டனிடமிருந்து ஓரளவு கேட்டறிந்தவர் தாத்தா ஒருவரே. மூன்று முறை சென்றும் அவர் வாய் திறக்கவில்லை. மூன்றாம் முறை தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டார். நேர்காணலின் எழுத்துவடிவிற்கென மதிப்பெண் பட்டியலில் தனிப்பங்கு ஒதுக்கியிருந்தோம். மாணவர் மூன்று வருகைகளையும், தாத்தா பேச்சை எந்தச் சொல்லில் திசைமாற்றினார் என்பதையும் இரண்டு பக்கங்களில் எழுதியிருந்தார். அதற்கு எவ்வாறு மதிப்பெண் இடுவது என்று உடன் கற்பித்த விரிவுரையாளருடன் ஒரு மாலை முழுதும் உரையாடினோம். விதிப்படி அப்பங்கிற்கு ஒன்றும் கொடுப்பதற்கில்லை என்பது அவர் கருத்து. நாம் முழுப்பங்கும் கொடுத்தோம். அடுத்த ஆண்டு பட்டியலில் அவ்விதியையும் மாற்றினோம்.

லூமுட் மாணவி தம் திருத்திய கட்டுரையைப் பாட்டிக்குத் தமிழில் சொல்லிக்காட்டியதாகப் பின்னர்க் கூறினார். படிவம் பற்றிய பகுதி வந்ததும் பாட்டி நிறுத்தச் சொல்லி, மகன்களையும் கூடத்திற்கு அழைத்து உட்காரவைத்து, அப்பகுதியை மட்டும் மறுமுறை படிக்கச் சொன்னாராம்.