மணலின் சூட்டை அளக்கும் இளைஞர்கள்

தை பிறந்துவிட்டால் கோவளம், மாமல்லபுரம், கல்பாக்கம் கடற்கரைகளுக்குப் பங்குனி ஆமைகள் முட்டையிட வரும். இரவில் கரையேறி, பின்கால்களால் ஒன்றரை அடி ஆழத்துக்குக் குழி பறித்து, நூறு முட்டைக்கு மேல் இட்டு, மணலால் மூடிவிட்டு, விடியுமுன் கடலுக்குத் திரும்பிவிடும். இந்தக் குழிகளைத் தேடி இரவெல்லாம் நடக்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். கையில் ஒரு விளக்கு, ஒரு பை, ஒரு குறிப்பேடு. பருவநிலை மாற்றம் பற்றிய ஆராய்ச்சிக்கு இந்தக் குறிப்பேடு தேவைப்படுகிறது. உழவர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஏற்ற வேலை இது.

சூடு கூடினால் பெண்

கருவில் இருக்கும் ஆமை ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடுதான் முடிவு செய்கிறது. சுமார் 29, 30 டிகிரி சென்டிகிரேடு இருந்தால் இரண்டும் கலந்து பொரியும். அதற்குக் கீழே ஆண் மிகும். 32 டிகிரியை எட்டினால் ஏறக்குறைய எல்லாமே பெண். 35 டிகிரிக்கு மேல் நீடித்தால் கருவே கெட்டுவிடும். முட்டை பொரிய 45 முதல் 60 நாள் ஆகும். அதில் நடுவில் உள்ள இரண்டு மூன்று வாரச் சூடுதான் முக்கியம்.

பெண் பெருகினால் நல்லதுதானே என்று கேட்கலாம். கிடா இல்லாத ஆட்டுப்பட்டியில் குட்டி ஏது? அதே கதைதான் இங்கும்.

என்ன வேலை?

காலடித் தடத்தைப் பார்த்துக் குழியைக் கண்டுபிடிக்க வேண்டும். சில மணி நேரத்துக்குள் முட்டைகளைக் குலுக்காமல், புரட்டாமல் எடுத்து, வனத்துறை அனுமதி பெற்ற பொரிப்பகத்தில் அதே ஆழத்தில் புதைக்க வேண்டும். இடம், தேதி, முட்டைகளின் எண்ணிக்கை எழுதிய பலகையை நட வேண்டும். ஆராய்ச்சி நடக்கும் பொரிப்பகங்களில் மணலுக்குள் வெப்பமானி வைத்துச் சூட்டைக் குறிப்பார்கள். குஞ்சுகள் கடலுக்குப் போன பிறகு குழியைத் தோண்டி, பொரிந்த ஓடு எத்தனை, பொரியாத முட்டை எத்தனை என்று எண்ணுவார்கள்.

சூடு அதிகமானால் தென்னங்கீற்றுப் பந்தலோ நிழல்வலையோ போட்டுத் தணிக்கலாம். நாற்றங்காலுக்கு நாம் செய்யும் அதே வேலைதான். விதை முளைப்பை எண்ணிப் பார்த்தவனுக்கும், நாற்றின் முகம் பார்த்து நிழல் கொடுத்தவனுக்கும் இதைச் சொல்லித்தர நாளாகாது.

இது புதிதல்ல

1988-இல் சென்னையில் மாணவர்கள் கடலாமைப் பாதுகாப்புக்கென்று ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். இன்றும் மாணவர்கள் பருவந்தோறும் கரையில் நடக்கிறார்கள். 2002-இல் தொடங்கிய டிரீ அறக்கட்டளை மீனவ கிராமத்து இளைஞர்களையே ஆமைக் காவலர்களாக அமர்த்தியது. தெற்கே மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986-இல் கடல் தேசியப் பூங்காவாயின. பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பு 2022-இல் கடற்பசுக் காப்பகம் ஆனது. மன்னார் வளைகுடாவில் கடல் சூடேறிப் பவளப்பாறைகள் வெளுத்ததை ஆராய்ச்சியாளர்கள் கடலில் மூழ்கிப் பார்த்துப் பதிவு செய்துள்ளனர்.

2022 டிசம்பரில் தமிழ்நாடு காலநிலை மாற்ற இயக்கம் தொடங்கப்பட்டது. மாவட்டத்துக்கு மாவட்டம் ஆட்சியர் தலைமையில் இப்பணி அமைந்தது. அடுத்து வந்த முதலமைச்சரின் பசுமைப் புத்தாய்வுத் திட்டத்தில் அண்ணா பல்கலைக்கழகத்தின் பங்குடன் இளைஞர்கள் மாவட்டங்களில் அமர்த்தப்பட்டு, மாத உதவித்தொகையுடன் வேலை பழகினார்கள்.

நமக்கு என்ன?

ஆமைக்கும் ஏருக்கும் என்ன உறவு என்று எண்ண வேண்டாம். கடல் சூடேறினால் புயலுக்கு வலுக் கூடுகிறது. 2022 டிசம்பர் 9-ஆம் தேதி இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகேதான் கரை கடந்தது. கடல் மட்டம் உயர்ந்தால் கரையோரக் கிணறுகளில் உவர் ஏறும். பாலாறு கடலில் கலக்கும் வயலூர்ப் பக்கம் உவர்நீரைத் தடுக்கவே தடுப்பணை கட்ட வேண்டியிருந்தது. கடலோரத்தில் அளந்து எழுதப்படும் ஒவ்வொரு கணக்கும் நம் கிணற்றையும் பயிரையும் பற்றிய முன்னறிவிப்புக்கு உதவும்.

ஒரு குறை

வேலைக்கு வரும் இளைஞர் ஒரு பருவம் இருப்பார், இரண்டு பருவம் இருப்பார். பிறகு வேறு வேலைக்குப் போய்விடுவார். இன்று பொரியும் பெண் குஞ்சு முட்டையிடத் திரும்பி வர பத்துப் பதினைந்து ஆண்டு ஆகும். பனை நட்டவன் காத்திருப்பது போன்ற காத்திருப்பு இது. ஓராண்டுச் சூட்டைக் கொண்டு எதையும் முடிவு கட்ட முடியாது. இடைவிடாமல் இருபது ஆண்டு எழுதினால்தான் கடல் எந்தப் பக்கம் போகிறது என்று தெரியும். வெளியூரிலிருந்து வந்து போகிறவரைவிட, உள்ளூரிலேயே இருக்கும் பிள்ளை இதற்கு ஏற்றவர். ஆனால் பருவம் முடிந்ததும் சம்பளமும் முடிந்துவிட்டால், அந்தப் பிள்ளையும் எத்தனை நாள் நிற்பார்? இந்த வேலைக்கு நிலையான ஊதியம் வேண்டும் என்பதை ஊராட்சிகளும் கிராமசபையும் வலியுறுத்தலாம்.

2025 ஜனவரியில் சென்னை, செங்கல்பட்டுக் கரைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கின. இழுவலையில் சிக்கி, மூச்சு விட மேலே வர முடியாமல் மூழ்கியதே முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது. கரையில் நடந்து எண்ணியவர்கள் இல்லாவிட்டால் இந்த இழப்பின் அளவே தெரிந்திராது.

செய்ய வேண்டியவை

பன்னிரண்டாம் வகுப்போ பட்டமோ முடித்த பிள்ளைகள் இருந்தால், கார்த்திகை, மார்கழியிலேயே செங்கல்பட்டு மாவட்ட வன அலுவலகத்தில் அந்தப் பருவத்து வேலை பற்றி விசாரிக்கவும். கல்லூரியில் படிப்பவர்கள் விலங்கியல், சுற்றுச்சூழல் துறைப் பேராசிரியர்களைக் கேட்கலாம். வேலை வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்பவரிடம் ஏமாற வேண்டாம்.

ஆமை முட்டையை நீங்களாக எடுக்கக் கூடாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். குழியைக் கண்டால் அருகில் ஒரு குச்சியை நட்டு வனத்துறைக்குச் சொல்லவும். கடலோரத் தோட்டம் வைத்திருப்பவர்கள் தை முதல் சித்திரை வரை கடலைப் பார்த்த விளக்குகளை இரவில் அணைக்கவும். வெளிச்சத்தைக் கண்டால் குஞ்சுகள் கடலை விட்டு நிலத்துப் பக்கம் ஊர்ந்து வந்து மடியும். அலை ஏறும் மணலை ஒட்டிச் சவுக்கு நடாமல் உள்ளே தள்ளி நடவும். அடர்ந்த சவுக்கும் அதன் வேரும் ஆமை குழி பறிக்க இடம் விடா.

வயலில் மழைமானி வைத்து எழுதத் தெரிந்த குடும்பத்துக்கு மணலில் வெப்பமானி வைத்து எழுதுவது பெரிதல்ல. நம் ஊர்க் கடலின் கணக்கை நம் ஊர்ப் பிள்ளைகளே எழுதட்டும்.